ஊத்துக்குளி வெண்ணெய், ஆனைமலை கோகோ, வடவள்ளி கேக்

கொங்கு நாட்டில் இப்போது காதுகுத்து விசேஷத்துக்குப் போனால், சீர்த்தட்டு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கேக்கும் நிற்கிறது. உயரமான கேக். மேல் விளிம்பிலிருந்து சாக்லேட் வழிந்து, ஒரு கோடு நீளமாகவும் ஒரு கோடு குட்டையாகவும் பாதிச் சுவரில் உறைந்து நிற்கும். உச்சியில் ரோஜா, தங்க நிற உருண்டைகள், குழந்தையின் பெயர் எழுதிய அட்டை. டிரிப் கேக் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த கேதரின் சபாத் பத்து ஆண்டுகளுக்கு முன் இன்ஸ்டாகிராமில் போட்ட படங்களால் இது உலகமெங்கும் பரவியது. சிட்னியிலிருந்து சூலூர் மண்டபம் வரை வந்துவிட்டது. கோவையில் இதைச் செய்கிறவர்களில் நிறையப் பேர் பேக்கரிக்காரர்கள் அல்ல. வடவள்ளியிலும் சரவணம்பட்டியிலும் சமையலறை மேடையில் ஓ.டி.ஜி. அடுப்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள்.

அப்படி ஒருவர் எனக்குத் தூரத்துச் சொந்தம். அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு விசேஷத்துக்குக் கேக் சொல்லிவிட்டு, சாமான்களை நானே வாங்கி வருகிறேன் என்றேன். "டவுன்ஹால் பக்கம் ஒரே கடையில எல்லாம் கிடைக்குது, எதுக்கு தம்பி அலையறீங்க?" என்றார். எனக்கு அலைவதுதான் வேண்டியிருந்தது. ஒரு டிரிப் கேக்கின் சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொங்கு வரைபடத்தைப் பார்த்தால், மைதாவையும் வெனிலாவையும் தவிர மற்றதெல்லாம் அரை நாள் பேருந்துத் தூரத்துக்குள் கிடக்கிறது. கோதுமை மட்டும்தான் வடக்கேயிருந்து வர வேண்டும்.

ஈரோட்டிலிருந்து சத்தி போகிற சாலையில் கவுந்தப்பாடி. நாட்டுச் சர்க்கரைக்குப் பேர்போன ஊர். பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் இங்கேதான் சர்க்கரை வாங்குகிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த ஊர்க்காரர்களுக்கும் அதில் பங்கு இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே ஓர் ஆலையில் நின்றேன். கொப்பரையில் சாறு கொதித்து, அழுக்கு எடுத்து, பாகு இறுகி வரும்போது இறக்கித் தொட்டியில் ஊற்றிக் கிளறுகிறார்கள். கிளறக் கிளறப் பாகு பொலபொலவென்று உதிர்ந்து சர்க்கரையாகிறது. எப்போது இறக்குவது என்பதற்கு வெப்பமானி கிடையாது. கிளறுகிறவர் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

"வெளுப்பாக் கேக்கறீங்களா, கருப்பாக் கேக்கறீங்களா?" என்றார் விற்கிறவர். வெளுப்பான வெல்லத்துக்குச் சந்தையில் விலை கூடுதல் என்பதால் வெல்லத் தொழிலில் பல இடங்களில் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போடும் பழக்கம் உண்டு. மங்கலான பழுப்பு நிறத்தில் இருந்ததை வாங்கிக்கொண்டேன். கேரமலுக்கு அந்தக் கருப்புதான் ருசி.

அங்கிருந்து ஊத்துக்குளி. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவே வேகமான ரயில்கள் நிற்காமல் கடந்து போகிற ஸ்டேஷன். வெண்ணெய்க்காகவே பெயர் எடுத்த ஊர். ஊத்துக்குளி வெண்ணெய் வெள்ளையாக இருக்கும். எருமை, தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறமியை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுகிறது, பசு முழுவதும் மாற்றுவதில்லை. அதனால்தான் பசு வெண்ணெய்க்கு மஞ்சள், எருமை வெண்ணெய்க்குப் பால் நிறம். கடைகளில் அட்டைப்பெட்டியில் வரும் மஞ்சள் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பும் நிறமும் சேர்ந்திருக்கும். அதில் பட்டர் க்ரீம் அடித்தால் என்ன செய்தாலும் சந்தன நிறமே வரும். வெள்ளைச் சுவரில் கறுப்புச் சாக்லேட் வழிய வேண்டும் என்றால் ஊத்துக்குளி வெண்ணெய்க்கு ஈடு கிடையாது. இதற்காக வெளிநாட்டுக்காரர்கள் வெண்ணெயில் ஊதா நிறத்தை ஒரு துளி கலந்து மஞ்சளை மறைக்கிறார்கள்.

"முன்ன மாதிரி எருமை இல்லீங்க" என்றார் வெண்ணெய்க் கடைக்காரர். "மேய்ச்சல் நெலமும் இல்லை, மேய்க்க ஆளும் இல்லை. எல்லாரும் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போயிடறாங்க. நெய்க்கு வாங்கறீங்களா, வெண்ணெயாவே வேணுங்களா?" கேக்குக்கு என்றேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "தண்ணியில நல்லா அலசிட்டுப் போடச் சொல்லுங்க, மோர் தங்குனா புளிச்சுப்போகும்." தூக்குப்போசியில் போட்டு, சுற்றி ஐஸ் வைத்துக் கட்டித் தந்தார்.

ஊத்துக்குளிக்கு இன்னொரு பெருமையும் உண்டு, கல். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கான கருங்கல் இந்தச் சுற்று வட்டாரத்தில் எடுப்பதுதான். ஆட்டுக்கல்லை மோட்டாரால் சுற்றவைக்கும் யோசனையை 1955-இல் செயல்படுத்தியவர் கோவையின் பி. சபாபதி. 2005–06-இல் கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கேக்குக்கும் கிரைண்டருக்கும் என்ன சம்பந்தம் என்பதற்குப் பொள்ளாச்சி வரை பொறுக்க வேண்டும்.

முட்டைக்கு நான் நாமக்கல் போகவில்லை. தெருமுனைக் கடைக்கே வந்துவிடுகிறது.

கோவையிலிருந்து கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி போகும்போது சித்திரை வெயிலிலும் காற்று மாறுவது தெரியும். பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிற பக்கம் அது. ஆனைமலை, கோட்டூர், ஆழியார் வரை தென்னந்தோப்புகள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் தண்ணீர் பாய்கிற நிலம். சில தோப்புகளுக்குள் நுழைந்தால் தென்னைக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும் இன்னொரு மரம், கோகோ. பழம் கிளை நுனியில் தொங்குவதில்லை. அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கிறது. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்தது மாதிரி இருக்கும்.

தோப்புக்காரர் சாளைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு பழத்தை உடைத்துக் கொடுத்தார். முப்பது நாற்பது கொட்டைகள், மேலே வெள்ளைச் சதை, இனிப்பும் புளிப்புமாக. கொட்டையைக் கடித்தால் கசப்பு. சாக்லேட் வாசனை துளிகூட இல்லை. அந்த வாசனை பிறப்பது அடுத்த ஆறேழு நாளில். கொட்டைகளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டிச் சாக்கு போட்டு மூடுகிறார்கள். சதை புளித்து, பெட்டிக்குள் சூடு 45 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. இடையில் கிளறி விடுகிறார்கள். சாக்கைத் தூக்கினால் காடி நெடி மூக்கைத் தாக்கும். பிறகு களத்தில் காயப்போட்டு ஈரம் 7 சதவீதம் அளவுக்கு இறங்கியதும் மூட்டை கட்டுகிறார்கள். இந்தப் புளிப்பைச் சரியாகச் செய்யாத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் ஆகாது.

"தென்னையில கேரளா வாடல் நோய் வந்து அடிச்சுப்போட்டுது. கோகோ இருந்ததால தப்பிச்சோமுங்க" என்றார். 2024-இல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டி வரலாறு காணாத விலைக்குப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவில் நோயும் மழைக் கோளாறும் விளைச்சலைக் குறைத்ததுதான் காரணம். அந்த ஆண்டு ஆனைமலையில் கோகோ வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு விலை இறங்கிவிட்டது. அணிலும் எலியும் விலையைப் பார்ப்பதில்லை, எப்போதும் ஒரே மாதிரி தின்கின்றன.

இந்தக் கொட்டையின் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களின் மூட்டைகளில் வெளியூர் போகிறது. உள்ளூரிலேயே சாக்லேட் ஆவது கொஞ்சம்தான். பொள்ளாச்சியிலிருந்து வரும் 'சாக்லெட்', மரத்திலிருந்து கட்டி வரை தாங்களே செய்கிற பிராண்டு. கிரைண்டர் கதைக்கு இங்கே வர வேண்டும். வறுத்துத் தோல் நீக்கிய கோகோவைச் சர்க்கரையோடு அரைக்க இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் கல் சுற்ற வேண்டும். பழைய ஐரோப்பிய இயந்திரங்கள் ஓர் அறை அளவு பெரியவை. சிறிய அளவில் சாக்லேட் செய்ய நினைத்தவர்களுக்கு வழி இல்லாமல் இருந்தது. 2000-களில் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்து ஜான் நான்சி போன்ற ஆர்வலர்கள் நம் மாவரைக்கும் வெட் கிரைண்டரில் கோகோவைப் போட்டுப் பார்த்தார்கள். ஓடியது. மூடியை மாற்றி, உருளைகளுக்கு அழுத்தம் கூட்டி, நாள்கணக்கில் ஓடத் தாங்கும்படி மோட்டாரைத் திருத்தியதும் அதற்கு மெலாஞ்சர் என்று பெயர் வந்தது. கோவைப் பட்டறைகளில் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். உலகில் எங்கோ ஒரு சிறு சாக்லேட் கடையில் சுற்றுகிற கல் கொங்கு மண்ணின் கல்லாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இட்லிக்குச் செய்தது சாக்லேட்டுக்கும் உதவியது என்பதைக் கோவைக்காரர்களே நிறையப் பேர் அறிந்திருக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

70 சதவீதக் கோகோ கட்டிகள் சிலவும், தூக்குப்போசி வெண்ணெயும், சர்க்கரைப் பொட்டலமுமாகக் கோவை திரும்பினேன். வடவள்ளிப் பேருந்து வேளாண் பல்கலைக்கழகத்தைக் கடந்துதான் போகும். அங்கே அறுவடைக்குப் பின்சார் தொழில்நுட்பத் துறையில் அடுமனைப் பொருட்கள் செய்யும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். அக்கா முதலில் கேக் கற்றது அப்படி ஒரு வகுப்பில்தான். பக்கத்தில் வீரகேரளத்தில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம். 1912-இல் சி.ஏ. பார்பர் தொடங்கியது. டி.எஸ். வெங்கட்ராமனோடு சேர்ந்து, ஆற்றோரம் முளைக்கும் காட்டு நாணலைக் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205, 1918-இல் வெளிவந்தது. 'கோ' என்றால் கோயமுத்தூர். ஐசிங் சர்க்கரை எந்த ஊர் ஆலையில் அரைத்ததாக இருந்தாலும் அதன் கரும்பின் வம்சத்தைத் தேடினால் பெரும்பாலும் வீரகேரளத்துக்கு வந்து சேரலாம்.

அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. சிறு அளவில் வியாபாரம் செய்பவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைப்பது. ஆறு அங்குல ஸ்பாஞ்ச் மூன்று அடுக்கு முந்தின நாளே சுட்டு, நெகிழித் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் இருந்தது. வெண்ணெயைப் பிரித்து முகர்ந்தார். "அடேங்கப்பா, நெய் வாசம் வருது. இது மைசூர்பாவுக்குப் போக வேண்டியது" என்றார்.

வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் கொதிநீர் மேல் வைத்த கிண்ணத்தில் 70 டிகிரி தாண்டும் வரை கிளறி, பீட்டரில் அடித்து, கிண்ணம் ஆறிய பின் வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது ஸ்விஸ் முறை பட்டர் க்ரீம். ருசி அதில்தான். ஆனால் வெண்ணெய் 30 டிகிரிக்கு மேல் நெகிழ்ந்துவிடும். அதனால் கோடையில் பெரும்பாலான வீட்டு பேக்கர்கள் பால் கொழுப்பு இல்லாத, தாவரக் கொழுப்பால் ஆன விப்பிங் க்ரீமைப் பூசுகிறார்கள். அது அசையாமல் நிற்கும், நாக்கில் மட்டும் மெழுகாக ஒட்டும். அக்கா உள் அடுக்குகளுக்கு ஊத்துக்குளி, வெளிச் சுவருக்கு பாதிக்குப் பாதி என்று முடிவெடுத்தார். மெல்லிய முதல் பூச்சு, குளிர்பெட்டியில் அரை மணி, மறுபடி கனமான பூச்சு, திருகுமேசையைச் சுற்றிக்கொண்டே தகடால் வழித்து விளிம்பைக் கூராக்கல். சுவர் வழவழவென்று இல்லாவிட்டால் வழிகிற சாக்லேட் மேட்டில் முட்டிக் கோணலாகும்.

பிறகுதான் வழிவது. படிப்பதற்கு எளிது. சாக்லேட்டும் க்ரீமும் சம எடை, க்ரீமைச் சூடாக்கிச் சாக்லேட் மேல் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு நடுவிலிருந்து கலக்க வேண்டும். வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு க்ரீம். அந்தக் கனாஷ் 32 டிகிரி அளவுக்கு ஆறியதும் குளிர்ந்த கேக்கின் விளிம்பில் விட வேண்டும். சூடாக இருந்தால் தட்டு வரை ஓடி, க்ரீமையும் உருக்கும். ஆறிப்போனால் விளிம்பிலேயே கட்டியாக நிற்கும். புத்தகங்கள் சொல்வது இவ்வளவுதான். சித்திரை மாதக் கோவைச் சமையலறையே 34 டிகிரி. மேசையில் வைத்த கனாஷ் 32-க்கு ஆறவே ஆறாது. லண்டனிலும் சிட்னியிலும் எழுதிய செய்முறைகள் சறுக்குவது இந்த ஓர் இடத்தில்தான். அக்கா கிண்ணத்தை நிமிடக்கணக்கில் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்துக் கலக்கி, மறுபடி வைத்தார். க்ரீமையும் 100 கிராம் சாக்லேட்டுக்கு 80 கிராமாகக் குறைத்திருந்தார்.

வழக்கமாக அவர் போடுவது காம்பவுண்ட் சாக்லேட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது. விலை குறைவு, வெயில் தாங்கும், பதப்படுத்தும் வேலை இல்லை. கோகோ வெண்ணெயோ 34 டிகிரியை ஒட்டி உருகுவது. அதனால்தான் அசல் சாக்லேட் வாயில் கரைகிறது. அதனாலேயே மண்டபத்திலும் கரைகிறது. பொள்ளாச்சிக் கட்டியை அவர் கையில் கொடுத்தேன். நறுக்கிச் சூடான க்ரீமை ஊற்றினார். கலக்கும்போதே எண்ணெய் பிரிந்து திரிதிரியாகப் போனது. கோகோ விகிதம் கூடினால் இப்படி ஆகும். வெதுவெதுப்பான பால் ஒரு தேக்கரண்டி விட்டு, கிண்ணத்தின் நடுவில் சின்ன வட்டமாகக் கலக்க ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்து பளபளப்பு ஏறியது. கரண்டியிலிருந்து விளக்கெண்ணெய் மாதிரி இறங்கட்டும் என்று காத்திருந்தார். கவுந்தப்பாடி ஆலைக்காரரும் இவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்தான். வெப்பமானி இவரிடம் இருந்தது, பார்த்தது கரண்டியை.

"கொஞ்சம் தேங்கா எண்ணெய் விட்டா மினுங்கும்னு சொல்றாங்களே அக்கா?"

"அது ஊட்டியில விடலாம் தம்பி. 24 டிகிரியிலயே உருகற எண்ணெய், நம்மூருல எப்புடி உறையும்?"

முதலில் கேக்கின் பின்புறம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார், காம்பவுண்டில் ஒன்று, பொள்ளாச்சியில் ஒன்று. காம்பவுண்ட் சட்டென்று நின்றது, மங்கலாக. பொள்ளாச்சி இன்னும் ஓர் அங்குலம் இறங்கி, நுனியில் துளி திரண்டு நின்றது. நிறம் செம்பு கலந்த கருப்பு. அக்கா ஒன்றும் சொல்லாமல் காம்பவுண்ட் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். சாஸ் பாட்டிலில் கனாஷை நிரப்பி, விளிம்பு ஓரமாக அழுத்தம் கூட்டியும் குறைத்தும் விட்டுக்கொண்டே மேசையைச் சுற்றினார். அழுத்தம் கூடினால் நீளக் கோடு, குறைந்தால் குட்டை. ஓரம் முழுவதும் முடிந்த பிறகே நடுவில் ஊற்றிப் பரப்ப வேண்டும். முதலிலேயே நடுவில் ஊற்றினால் எல்லாம் ஒரே பக்கம் வழியும்.

கவுந்தப்பாடிச் சர்க்கரையில் இரண்டாவது வண்ணம். உருக்கிய பாகில் க்ரீமை உடனே விடாமல், பாகை இறக்கி ஆறவிட்ட பிறகே விட்டார். வெல்லப் பாயசத்தில் பால் திரியாமல் இருக்கச் செய்கிற அதே முறை. கறுப்புக் கோடுகளுக்கு இடையே தேன் நிறத்தில் மெல்லிய கோடுகள் இறங்கின. கடைகளில் விற்கிற கேரமல் சாஸுக்கு இந்த வாசனை வராது. அடிநாக்கில் லேசான உப்புக் கரிப்பும் இருந்தது.

அலங்காரம் பற்றி எனக்கு ஒரு சண்டை உண்டு. மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டில் வாங்கிய ரோஜாவை அப்படியே கேக்கில் குத்துகிறார்கள். மார்க்கெட் பூ சாப்பிட வளர்த்த பூ அல்ல, பூச்சிமருந்து அடித்து வளர்த்தது. அக்கா மொட்டை மாடித் தொட்டியில் வளர்க்கும் சங்குப்பூவும் நாட்டு ரோஜா இதழும்தான் வைக்கிறார். தங்கப் பொடியிலும் இதே கவனம் வேண்டும். டப்பாவில் 'நச்சில்லாதது' என்று எழுதியிருந்தால் அது உண்ணத்தக்கது என்று அர்த்தமாகாது. வெள்ளைச் சாக்லேட்டை மட்டும் உருக்கி நிறம் கலப்பவர்கள் எண்ணெயில் கரையும் நிறத்தைத்தான் சேர்க்க வேண்டும். தண்ணீர்ச் சத்துள்ள நிறம் ஒரு சொட்டு பட்டாலும் சாக்லேட் மண்ணாக இறுகிவிடும். உச்சியில் அக்கா குவித்தது கோகோ நிப்ஸ், வறுத்த தேங்காய்ச் சீவல், உடைத்த கடலைமிட்டாய். மக்ரோன் வைக்கவில்லை, நல்லதுதான்.

மண்டபத்துக்குப் போகும் காரில் ஏ.சி.யைக் காலடிப் பக்கம் திருப்பி, பெட்டியை இருக்கையில் வைக்காமல் தரையில் வைத்தோம். இருக்கை சரிவு. மேசைக்கு வந்து முக்கால் மணி நேரத்துக்குள் வெட்டியாயிற்று. அதற்குள்ளேயே நீளமான இரண்டு கோடுகள் நுனியில் நெகிழ ஆரம்பித்திருந்தன. காம்பவுண்டாக இருந்திருந்தால் சாயங்காலம் வரை அசையாமல் நின்றிருக்கும், உண்மை. ஆனால் தட்டில் சாக்லேட்டை மட்டும் ஒதுக்கிவைத்த குழந்தை ஒன்றைக்கூட அன்று பார்க்கவில்லை.

கேக் சொல்பவர்களுக்கு என் யோசனை இதுதான். சித்திரை, வைகாசியில் திறந்த மண்டபத்தில் நாலு மணி நேரம் காட்சிக்கு நிற்க வேண்டும் என்றால் காம்பவுண்டே போடட்டும், பேக்கரைக் குறை சொல்லாதீர்கள். ஆடிக் காற்று தொடங்கிய பிறகும் கார்த்திகை, மார்கழியிலும் கோவையின் வீட்டுச் சூடே கனாஷுக்கு ஏற்றது. அப்போது கேக் சொன்னால், கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட்டா என்று கேளுங்கள், பொள்ளாச்சிக் கட்டி வாங்கக் கூடுதலாகும் பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வெண்ணெய்க்கு ஊத்துக்குளியில் இன்னும் கடைகள் இருக்கின்றன.